"குழுவினர்"னு ஒத்த வார்த்தையில முடிக்காதீங்க, ஆள் ஆளா பேரப் போடுங்க

ஆசிரியர் அய்யா அவர்களுக்கு, தோத்திரம், வணக்கம்.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர் இணைப்புல அமெரிக்காவுல கம்பி வாத்தியங்கள வச்சு பாடுத புளூகிராஸ் காஸ்பல்ங்கிற கிறிஸ்தவ பக்திப் பாட்டப் பத்தி அரைப்பக்கம் போட்டிருந்தீங்க. கோயில்ல ஆராதனை முடிஞ்சு வீட்டுக்கு வந்து கருப்பட்டி காப்பியும் கையுமா திண்ணையில உக்காந்தவன் காப்பி ஆறிப்போனது கூட தெரியாம ரெண்டு தடவ படிச்சேன். நம்ம திருநெல்வேலி பக்கம் வார ஒரு தமிழ் பேப்பர்ல இப்படி ஒரு விஷயம் வரும்னு நான் நெனச்சே பாத்ததில்ல, அதுக்கு மொதல்ல நன்றி சொல்லிக்கிடுதேன். ஆனா அந்தப் படத்துல அஞ்சு பேரு ஒரே ஒரு மைக்க சுத்தி நெருக்கி நிக்காங்க, கீழ பாத்தா "பாடகரும் இசைக்குழுவினரும்"னு போட்டிருக்கு. கட்டுரைக்குள்ளயும் நடுவுல நிக்கவரு தான் பாடகர், மத்த நாலு பேரும் அவருக்கு பக்கவாத்தியம்ங்கிற மாதிரியே போகுது. அது எனக்கு மனசுக்கு ஒரு மாதிரி ஆயிட்டு அய்யா, ரெண்டு நாளா பொறுத்துப் பாத்தேன், முடியல, அதான் எழுதுதேன்.

அந்தப் பாட்டுல பக்கவாத்தியம்னு ஒண்ணு கிடையாது. நான் கண்ணால பாத்தத தான் சொல்லுதேன்.

எம் மக அமெரிக்காவுல டென்னசி மாநிலத்துல வேல பாக்கா, பேறுகாலத்துக்குன்னு நானும் வீட்டுக்காரியும் போயி ஆறு மாசம் இருந்தோம். அவ வீட்டுல இருந்து கொஞ்ச தூரத்துல மலையடிவாரத்துல ஒரு சின்ன கோயில், நம்ம ஊரு ஆரம்பப் பள்ளிக்கூடம் அளவு தான் இருக்கும். வருசத்துக்கு ஒருநா வெளியூருக்கு பொழைக்கப் போன சபை ஜனம் எல்லாம் திரும்பி வந்து ஆராதனையும் பாட்டும் வச்சு, முடிஞ்சதும் வெளிய மரத்தடியில மேசை போட்டு எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுதாங்க, நம்ம அசனம் மாதிரியே தான், என்ன, கறிச்சட்டிக்கு பதிலா வீட்டுக்கு வீடு ஒரு பாத்திரம் கொண்டு வாராங்க. அன்னைக்கு தான் அந்த பேண்ட பாத்தேன். அண்ணன் தம்பி ரெண்டு பேரு, அண்ணன் பொண்டாட்டி, ஒரு சித்தப்பா மகன், அடுத்த வீட்டு பெரியவர் ஒருத்தர், மொத்தம் அஞ்சு பேரு. டிரம்ஸ் இல்ல, கீபோர்டு இல்ல, ரிதம் பேடு இல்ல, கரண்டுல ஓடுறதுன்னு பாத்தா நடுவுல இருக்க அந்த ஒத்த மைக்கு தான்.

தாளம் எங்க இருந்து வருதுன்னு நான் தேடுனேன். அந்த அக்கா ஆள் உசரத்துக்கு ஒரு பாஸ் வயலின நிமுத்தி வச்சு வெரலால இழுத்து ஒண்ணாவது அடி மூணாவது அடி போடுதாங்க, தம்பிக்காரன் மாண்டலின்ல கம்பிய லேசா அமுக்கி "சக்"குனு ரெண்டாவது அடி நாலாவது அடி போடுதான். தாளத்த ரெண்டு பேரு பாதி பாதியா சுமக்காங்க. ஒருத்தர் கைய எடுத்தா பாட்டு நொண்டும். இதுல யாரு முன்னால யாரு பக்கம்னு நீங்களே சொல்லுங்க. அதோட ஒவ்வொருத்தருக்கும் அவுங்க முறை வரும்போது மைக்கு கிட்ட ஒரு எட்டு வச்சு வாராங்க, வாசிச்சு முடிச்சதும் ஒதுங்கி அடுத்தவருக்கு வழி விடுதாங்க, ஒருத்தர் தோள் ஒருத்தர் மேல இடிக்காம, யாரும் கைய காட்டாம. சத்தம் கூட்டுறது குறைக்கிறது எல்லாம் காலால தான், கிட்ட வந்தா கூடும் தள்ளிப்போனா குறையும். வில்லுப்பாட்டுல குடம் அடிக்கவரும் உடுக்கை அடிக்கவரும் பாட்டுக்காரர் மூஞ்சியப் பாத்தே ஏத்தி இறக்குவாங்கள்ல, அது ஞாபகம் வந்துட்டு எனக்கு.

குரலும் அப்படித்தான். மெட்ட பாடுறவர் லீடு, அவருக்கு மேல ஒருத்தர் டெனர், கீழ ஒருத்தர் பாரிடோன், அடியில பாஸ். இதுல பாரிடோன் பாடுறவரு தான் பாவம், மத்தவங்க எடுத்தது போக மிஞ்சுன சுரத்த தான் அவரு பாடணும். தனியா கேட்டா அது ஒரு பாட்டு மாதிரியே இருக்காது, மேலயும் கீழயும் தாவும், ஆனா அந்தக் குரல் இல்லைன்னா நடுவுல ஒரு ஓட்டை விழுந்த மாதிரி ஆயிரும். நான் 22 வருசம் எங்க கோயில் பாடகர் குழுவுல நின்னவன், சின்னதுல டோனிக் சோல்ஃபா, அதான் டோ ரே மீன்னு சுரம் எழுதுத முறை, அத வச்சு சொல்லிக்குடுத்தாங்க, அதனால இந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும். நல்லா பாடுனா யாருக்கும் காதுல தனியா விழாத குரல் அது.

இன்னொண்ணு, இத நான் செத்தாலும் மறக்க மாட்டேன். வேகமான பாட்டு ரெண்டு மூணு முடிஞ்சு ஜெபப்பாட்டு மாதிரி ஒண்ணு எடுத்தாங்க, அப்போ பேஞ்சோங்கிற தோல் கட்டுன கம்பி வாத்தியம் வாசிச்ச பெரியவர் அத மெதுவா கீழ வச்சிட்டு சும்மா கைய கட்டிக்கிட்டு மைக்குக்கு வந்து பாட மட்டும் செஞ்சாரு. ஆராதனை முடிஞ்சு மக மூலமா கேட்டேன், ஏன் வாசிக்கலைன்னு. அந்தப் பாட்டுக்கு அது வேண்டாம்னாரு. அம்புட்டு தான். பெறவு தான் தெரிஞ்சுக்கிட்டேன், இது அவரு சொந்தமா செஞ்சது இல்ல, அந்தக் காலத்துல இருந்தே பக்திப் பாட்டுன்னா பேஞ்சோவ ஒதுக்கி வைக்கிற வழக்கம் உண்டு. பேஞ்சோவுல உலகத்துக்கே பேரு போன ஏர்ல் ஸ்க்ரக்ஸே பக்திப் பாட்டுக்கு பேஞ்சோவ விட்டுட்டு கிட்டார எடுத்துக்கிடுவாராம். வாசிக்கிறவனுக்கு வாசிக்காம இருக்கது எம்புட்டு கஷ்டம்னு நம்ம கோயில் ரிதம் பேடு பிள்ளைகளப் பாத்தா தெரியும். அப்படி ஒதுங்கி நின்ன ஒரு மனுசனப் போயி "குழுவினர்"னு எழுதலாமா அய்யா.

மக என்னைய அதே டென்னசியில உள்ள நாஷ்வில்லுக்கு கூட்டிட்டுப் போயி ரைமன் ஆடிட்டோரியம் காட்டுனா. படகு ஓட்டிப் பிழைச்ச தாமஸ் ரைமன்ங்கிறவர் சாம் ஜோன்ஸ்ங்கிற பிரசங்கியார் கூட்டத்துல மனம் மாறி, அவருக்காகவே கட்ட ஆரம்பிச்ச சுவிசேஷ மண்டபம் அது, 1892ல தெறந்தாங்க. உள்ள இன்னைக்கும் கோயில் பெஞ்சு தான். 1943ல இருந்து 1974 வரைக்கும் கிராண்ட் ஓல் ஆப்ரி ரேடியோ கச்சேரி அங்க தான் நடந்துருக்கு. அந்தக் கச்சேரியில பாடுன, புளூகிராஸுக்கே தகப்பன்னு சொல்லுத பில் மன்றோ பேண்ட்ல 1945 டிசம்பர்ல அந்த ஏர்ல் ஸ்க்ரக்ஸ் வந்து சேந்தாரு, அப்போ அவருக்கு 21 வயசு. வட கரோலினாவுல நூல் மில்லுல வேல பாத்த பையன், நம்ம வி.கே.புரம் மில்லுல ஷிப்டு பாத்துட்டு சாயங்காலம் கோயில்ல பாட்டு படிக்க வருவாங்கள்ல அந்த மாதிரி. கட்டைவெரல், ஆள்காட்டி வெரல், நடுவெரல் மூணுலயும் நகம் மாதிரி ஒண்ண மாட்டிக்கிட்டு அவரு உருட்டுன உருட்டுல தான் இந்தப் பாட்டுக்கு இன்னைக்கு இருக்க சத்தமே வந்தது. கிட்டாருக்கும் லீடு குரலுக்கும் லெஸ்டர் ஃபிளாட், பிடிலுக்கு சப்பி வைஸ், பாஸுக்கு ஹோவர்ட் வாட்ஸ், மாண்டலினும் டெனரும் மன்றோ. இந்த அஞ்சு பேரு சேந்து இருந்தது ரெண்டு வருசத்துக்கு கொஞ்சம் மேல தான், 1948லயே பிரிஞ்சிட்டாங்க, ஆனா எண்பது வருசம் ஆகப்போகுது, புளூகிராஸ் கேக்க எந்த ஆள எழுப்பிக் கேட்டாலும் அஞ்சு பேரையும் வரிசையா சொல்லுவான். தலைவரு பேரு மட்டும் இல்ல, அஞ்சு பேரும்.

மன்றோ பேண்ட்ல அவரு காலத்துல 150 பேருக்கு மேல வந்து போயிருக்காங்க, அம்புட்டு பேரையும் எழுதி வச்சிருக்காங்க அய்யா, யாரு எந்த வருசம் என்ன வாசிச்சான்னு. அதுல சாலி ஆன் ஃபாரெஸ்டர்னு ஒரு அம்மா. பிடில் வாசிச்ச வீட்டுக்காரர் யுத்தத்துக்கு கடற்படைக்குப் போயிட, இந்த அம்மா பேண்ட்ல நின்னு அக்கார்டியன் வாசிச்சாங்க. துருத்தி வச்ச பெட்டி தான், நம்ம ஆர்மோனியத்துக்கு அக்கா தங்கச்சி முறை. அவுங்க போன பெறவு அந்தப் பேண்ட்ல அக்கார்டியனே நிக்கல, இருந்தும் அந்த அம்மா பேரு மறையல.

மன்றோ கதையையும் கொஞ்சம் சொல்லிருதேன், ஏன்னா நான் எழுத வந்ததே அதுல தான் இருக்கு. 1911ல கென்டக்கியில ரோசின்ங்கிற பட்டிக்காட்டுல பொறந்தவரு, கடைசிப் பிள்ளை. பிடிலையும் கிட்டாரையும் அண்ணன்மாரு எடுத்துக்கிட்டதால யாருக்கும் வேண்டாத மாண்டலின் அவருக்கு மிஞ்சிச்சு, அதுலயும் நீ சத்தமா வாசிக்காதன்னு எட்டுக் கம்பியில நாலக் கழட்டச் சொன்னாங்களாம். பத்து வயசுல அம்மா போயிட்டா, பதினாறுல அப்பாவும் போயிட்டாரு, பெறவு வளத்தது தாய்மாமன் பென் வேண்டிவர். அந்த மாமா பிடில் வாசிக்கவரு, ஊருல நடக்க ஆட்டத்துக்கு எல்லாம் மருமகனையும் கூட்டிட்டுப் போவாரு. அதே ஊருப் பக்கம் ஆர்னால்டு ஷல்ட்ஸ்னு ஒரு கறுப்பினத்தவர், நிலக்கரிச் சுரங்கத்துல வேல, கிட்டாரும் பிடிலும் வாசிப்பாரு. அவரு கூடயும் சின்ன வயசு மன்றோ விடிய விடிய வாசிச்சிருக்காரு. அந்த ஷல்ட்ஸ் 1931ல இறந்துட்டாரு, அவரு வாசிச்சது ஒரு ரெக்கார்டு கூட கிடையாது. ஒண்ணு கூட. மன்றோ தான் பெரிய ஆளான பெறவும் போற இடம் எல்லாம் அந்தப் பேரச் சொன்னாரு, அதனால தான் நாசரேத் பக்கம் திண்ணையில உக்காந்துருக்க எனக்கும் இன்னைக்கு ஆர்னால்டு ஷல்ட்ஸ்னு சொல்லத் தெரியுது. பேஞ்சோவுக்கும் இதே கதை தான், ஆப்பிரிக்காவுல இருந்து அடிமையா பிடிச்சிட்டுப் போனவங்க சுரைக்குடுக்கையில தோலக் கட்டி கம்பி போட்டு வாசிச்சதுல இருந்து வந்தது அது, ஆனா அவுங்க பேரு பெரும்பாலும் மிஞ்சல. சொல்ல ஆளு இருந்தா பேரு நிக்கி, இல்லாட்டி இல்ல.

வர்ஜீனியா மலைப்பக்கத்து ஸ்டான்லி சகோதரங்களப் பத்தி உங்க கட்டுரையில ஒரு வரி இருந்துச்சு, நல்லது. அண்ணன் கார்ட்டர் 1966ல 41 வயசுலயே போயிட்டாரு, தம்பி ரால்ஃப் அதே பேண்ட் பேரோட 2016ல கண்ண மூடுற வரைக்கும் பாடுனாரு. அவுங்க வளந்த சபையில வாத்தியமே கிடையாது, ஒருத்தர் ஒரு அடி சொல்ல சனம் எல்லாம் அத இழுத்துப் பாடும். இதப் படிச்சப்போ எங்க ஆச்சி சொன்னது தான் ஞாபகத்துக்கு வந்துச்சு. அவ சின்னப் பிள்ளையா இருக்கும்போது கோயில்ல எழுத்து தெரிஞ்சவங்க நாலஞ்சு பேரு தான், உபதேசியார் ஒரு அடி சொல்லுவாரு, பனங்காட்டுல இருந்து வந்த சனம் அத திருப்பிப் பாடுமாம். 1774ல இந்தத் திருநெல்வேலியில பொறந்து தஞ்சாவூருக்குப் போன வேதநாயக சாஸ்திரியார் எழுதுன கீர்த்தனை எல்லாம் இப்படித்தான் எழுத்து தெரியாத வாய் வழியா எங்க ஊருக்குள்ள நின்னுச்சு. அங்கயும் மலையில இப்படி, இங்கயும் தேரிக்காட்டுல இப்படி, ஒருத்தர ஒருத்தர் தெரியாமலே.

இப்போ எங்க ஊரு விஷயத்துக்கு வாரேன். எங்க கோயில் பிரதிஷ்டை பண்டிகைன்னா மூணு நாளும் ராத்திரி கீர்த்தனை நடக்கும். எங்க அப்பா வாத்தியாரு, பிடில் வாசிப்பாரு. பெரியப்பா பனையேறி, காலையில பதநீ எறக்கிட்டு சாயங்காலம் குளிச்சு வேட்டிய மாத்திட்டு வந்து பாஸ் பாடுவாரு, அவரு குரல் எடுத்தா கோயில் பின்பக்கம் உக்காந்திருக்க பிள்ளைக தூங்காது. ஆர்மோனியம் எங்க அத்தை. கைத்தாளம் மாதா கோயில் தெருக்காரர் ஒருத்தர், ஆர்.சி. சபை, ஆனா எங்க பண்டிகைக்கு ஒரு வருசம் தவறுனது இல்ல. டோலக் ஒரு மாமா. அஞ்சு பேரு, அந்த டென்னசி கோயில்ல நின்ன மாதிரியே அஞ்சு பேரு, ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்க சுத்தி பாயில. எங்க அப்பா தனியா வாசிக்கிற இடம் வரும்போது அத்தை துருத்திய லேசாக்கிருவாங்க, டோலக் மாமா கைய தூக்கி மடியில வச்சிருவாரு. இப்போ தான் புரியுது, அதுவும் பேஞ்சோவ கீழ வச்ச மாதிரி தான்னு. சின்னதுல பாத்தப்போ அவரு களைச்சுப்போயி கைய வைக்காருன்னு நெனச்சேன்.

அந்த அஞ்சு பேரும் முப்பது வருசத்துக்கு மேல காசு வாங்காம பாடுனவங்க. கோயிலுக்கு நூறு வருசம் ஆனப்போ மலர் ஒண்ணு போட்டாங்க, வழவழ காகிதத்துல. அதுல விருந்தாளிங்க பேரு இருக்கு, பந்தல் போட்டவர் பேரு இருக்கு, நன்கொடை குடுத்தவங்க பேரு ரூபாயோட இருக்கு. பதினேழாவது பக்கத்துல எங்க அப்பா பிடிலோட உக்காந்திருக்க படம், கீழ "பாடகர் குழுவினர்"னு ஒத்த வரி. அப்பா அத கைல வாங்கி பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, மூடி பீரோவுல வச்சிட்டாரு. அத யாரையும் குத்தம் சொல்ல இங்க எழுதல, அச்சுக்கு அவசரமா இருந்திருக்கும். ஆனா அன்னைக்கு அந்த பீரோ கதவு சாத்துன சத்தம் தான் உங்க பேப்பர்ல "இசைக்குழுவினரும்"னு படிச்சப்போ எனக்குக் கேட்டது.

பொம்பளை ஆளுக பாடு இன்னும் மோசம். அத்தை ஆர்மோனியம் இல்லாம அந்தக் கீர்த்தனை ஒரு அடி நகராது, படத்துல அவுங்க பாதி முகம் தான் தெரியுது, ஓரத்துல வெட்டுப்பட்டு.

ஜார்ஜியாவுல லூயிஸ் குடும்பம்னு ஒரு பக்திப் பாட்டு பேண்ட் இருந்துச்சு, அப்பா, மகன்மாரு, மகமாரு எல்லாம் சேந்து அம்பது வருசத்துக்கு மேல பாடுனவங்க. மிக்கி, பாலி, ஜேனிஸ், பேஞ்சோ வாசிச்ச லிட்டில் ராய்னு அவுங்க பேரு எல்லாம் தனித்தனியா இன்னைக்கும் இருக்கு. குடும்ப பேண்ட் தான, "லூயிஸ் குடும்பத்தார்"னு விட்டிருக்கலாம்ல, விடலையே.

நான் கேக்கது பெரிய காரியம் இல்ல அய்யா. நெல்லை பதிப்புல நாலாவது பக்கத்துல கோயில் கொடை, பண்டிகை, கன்வென்ஷன், கேரல் எல்லாம் போடுதீங்க. வில்லுப்பாட்டுன்னா பாட்டுக்காரர் பேரு, அதுக்குப் பெறவு "குழுவினர்". கணியான் கூத்துன்னாலும் அப்படி. நையாண்டி மேளம்னா பேரே இல்ல. இடம் பத்தாதுன்னு உங்க நிருபர் சொல்லலாம், அஞ்சு பேரு பேருக்கு ஒரு வரி போதும், விருந்தாளிங்க பட்டம் எல்லாம் போடுதோம்ல அதுல ரெண்டு பட்டத்த குறைச்சா இடம் வந்துரும். நிருபர் தம்பிமாரு படம் எடுக்கும்போதே இடப்பக்கத்துல இருந்து பேரு, என்ன வாத்தியம்னு ஒரு தாள்ல எழுதி வாங்கிட்டா போச்சு. குடம் அடிக்கவர் பேரக் கேட்டா அவரு எம்புட்டு சந்தோசப்படுவாருன்னு ஒரு தடவ கேட்டுப் பாக்கச் சொல்லுங்க. அந்த ஞாயித்துக்கிழமை கட்டுரை படத்துல உள்ள அஞ்சு பேரு பேரையும் கூட அடுத்த இணைப்புல ஒரு திருத்தமா போட்டா ரொம்ப நல்லா இருக்கும்.

எங்க ஊரு படத்துல ஒரு பிரதி இந்தக் கடுதாசியோட வச்சிருக்கேன். பிரசுரிக்கணும்னு இல்ல, பாருங்க போதும். பின்னால இடப்பக்கத்துல இருந்து பேரு எழுதியிருக்கேன், பிடில், ஆர்மோனியம், பாஸ் குரல், கைத்தாளம். அஞ்சாவது இடத்துல மட்டும் "டோலக் மாமா"ன்னு எழுதியிருக்கேன், ஏன்னா நாங்க எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டோம். அவரு பேரு எனக்குத் தெரியல. எங்க அம்மாட்ட கேட்டேன், அவுகளுக்கும் டோலக்காரர்னு தான் ஞாபகம். ஞானஸ்நான ரிஜிஸ்தர்ல பாக்கலாம்னா அவரு கல்யாணம் முடிச்சு எங்க ஊருக்கு வந்தவரு, பொறந்தது சாத்தான்குளம் பக்கம் எங்கயோ. நெட்டையா இருப்பாரு, இடது காதுல ஒரு சின்ன வெட்டுத் தழும்பு, பண்டிகைக்கு எப்பவும் மஞ்சக் கரை வேட்டி. இந்தக் கடுதாசிய நீங்க போட்டு அந்தப் பக்கம் யாராச்சும் படிச்சு, அது எங்க தாத்தா தான்னு தெரிஞ்சா, உங்க ஆபீசுக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்க அய்யா.

இப்படிக்கு,
பாடகர் குழுவுல நின்ன ஒரு வாசகன்,
நாசரேத் பக்கம்.